மென்பொருள் செய்யக் கொடுக்கும் முன்: உங்கள் கணக்கு யார் கையில் இருக்கும்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தொழில் நடத்துகிறவர்கள் தங்கள் கடைக்கோ குடோனுக்கோ தனியாக ஒரு மென்பொருள் எழுதித் தரக் கேட்டு என்னிடம் வரும்போது, பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் தொடங்கும். எவ்வளவு ஆகும்? எத்தனை நாளில் கிடைக்கும்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாளைக்கு இந்த மென்பொருளை விட்டுவிட நேர்ந்தால், என் கணக்கு முழுதாக என் கைக்கு வருமா?

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கடை. ஷீட், ஒட்டுப்பால், பால் எல்லாம் வாங்குகிற இடம். கணக்கு, மென்பொருள் எழுத மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் பழுதாகும் நிலை வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு, வெளிய எடுக்கத்தான் வழி தெரியல" என்றார் கடைக்காரர். கோப்பைத் திறந்தால், பால் கொண்டுவருகிறவர்களின் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதாவது திரையில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். ஒவ்வொரு பெயரையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பை வேறு பல மென்பொருள்களும் படிக்கும் என்பதால்தான் அதுவாவது முடிந்தது.

பெரிய கம்பெனியின் பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஃபாக்ஸ்புரோவுக்கு அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே அறிவித்துவிட்டது, 2015-இல் ஆதரவும் முடிந்தது. விஷுவல் பேசிக் 6-க்கு 2008-இல் முடிந்தது. வியாபார மென்பொருளை விரைவாகச் செய்யவென்றே 2011-இல் வந்த லைட்ஸ்விட்ச், ஐந்தே வருடத்தில் கைவிடப்பட்டது. செயலிகள் செய்ய கூகுள் கொடுத்த ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் செய்த செயலிகள் நின்றுபோயின. ஆனால் அவற்றின் தகவல் தனியாக ஒரு எஸ்கியூஎல் டேட்டாபேஸில், அதாவது தகவலை அடுக்கி வைக்கும் கிடங்கில், இருந்தவர்களுக்கு, அந்தத் தகவல் அப்படியே இருந்தது.

அதனால் நான் எப்போதும் இரண்டையும் பிரித்தே யோசிக்கச் சொல்வேன். திரை, பில், ரிப்போர்ட் ஆகியவை ஒன்று, தகவல் தங்கும் டேட்டாபேஸ் இன்னொன்று. திரைகள் மாறும், மாற்றலாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். உங்கள் மென்பொருளுக்கு அத்தனை ஆயுள் இருக்குமோ இல்லையோ, டேட்டாபேஸுக்கு இருந்தே ஆக வேண்டும்.

ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், செலவே இல்லை. மைக்ரோசாஃப்டின் ஆக்சஸும் கெட்டதல்ல. ஆனால் அதன் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. அந்தக் கோப்பை வைஃபை வழியாக நாலு கவுண்டரில் பகிர்ந்து வைத்தால், சிக்னல் விட்டுவிட்டு வரும்போது கோப்பே கெட்டுப்போகலாம். பல கவுண்டர் இருந்தால் ஒரு சர்வர் டேட்டாபேஸுக்கு, அதாவது ஒரு கம்ப்யூட்டரில் இருந்துகொண்டு எல்லாக் கவுண்டருக்கும் தகவல் தருவதற்கு, போய்விடுங்கள். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம். என் தேர்வு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு சர்வர் டேட்டாபேஸ். லைசென்ஸ் கட்டணம் இல்லை, அளவுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் திருத்தங்கள் வருகின்றன. முக்கியமாக, அதில் வேலை தெரிந்தவர் இங்கே இல்லாவிட்டாலும் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ கிடைப்பார்.

அதிகம் கோடிங் இல்லாமல் செய்யும் ஜோஹோ கிரியேட்டர் போன்றவையும் உண்டு. வெளியில் சுற்றுகிற ஆட்கள் போனில் தகவல் பதிய, ஒப்புதல் வாங்க, அவை மிக நல்லவை. தகவலை எக்ஸெலாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் எழுதிய கணக்கு விதிகள் அங்கே மட்டும்தான் ஓடும், ஆள் கூடக்கூட மாதக் கட்டணமும் கூடும். கொள்முதல், இருப்பு, பில் என்ற வழக்கமான வேலைதான் என்றால், புதிதாக எழுதும் முன் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஆயத்த வியாபார மென்பொருளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டிக்கான வசதியோடு, யாரும் சோர்ஸ் கோடைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலமாகவே கிடைக்கிறது.

அப்புறம், நம் ஊருக்கென்று சில விஷயங்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் சிக்னலை நம்ப முடியாது. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் போட்டுக் கடை திறந்தாலும், இணையம் இல்லாமல் எதுவும் திறக்காத மென்பொருள் எதற்கு உதவும்? எடை போடும் இடத்தில் இணையம் இல்லாமலே பதிந்து, பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும்.

ரப்பர் பால் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 52.4 கிலோ பால், டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 18.34 கிலோ. இப்படிப்பட்ட எண்களை, தசமத்தைத் தோராயமாக வைக்கும் 'ஃப்ளோட்' வகையில் வைத்தால் தசமத்தின் கடைசியில் நுணுக்கமாகப் பிசகும். மாதக் கடைசியில் மொத்தம் சில பைசா ஒத்துப்போகாது, பால் கொண்டுவருகிறவர் சந்தேகப்படுவார். பணமும் எடையும், தசமத்தை அப்படியே வைக்கும் 'டெசிமல்' வகையில்தான் இருக்க வேண்டும்.

தமிழும் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வரில் பெயர்க் கட்டத்தை வெறும் 'வார்சார்' என்று அமைத்தால், தமிழ்ப் பெயர் பெரும்பாலும் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்படும், பிறகு மீட்க முடியாது. யூனிகோடை ஏற்கும் 'என்வார்சார்' வேண்டும். இன்னொன்று, 'கொல்லங்கோடு' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் பதியலாம், இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும்போது ஒன்று அகப்படாது. சேமிக்கும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

பணம் முழுதும் கொடுக்கும் முன், உங்கள் எதிரிலேயே பேக்கப் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேக்கப் இருக்கிறது என்று சொல்வது போதாது, திறக்க வேண்டும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, பாதி பில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சர்வர் கணக்கும் டொமைனும் (இணைய முகவரியும்) டெவலப்பர் பெயரில் அல்ல, உங்கள் பெயரிலும் உங்கள் போன் நம்பரிலும் இருக்கட்டும். சோர்ஸ் கோடும் (மென்பொருளை எழுதிய மூல வரிகளும்) டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.