ஆசிட்டுக்கு ஆள் தெரியாது

தருமபுரியில் எங்கள் வீட்டுக் குளியலறை ஒரு வருஷம்தான் புதுசாக இருந்தது. அப்புறம் குழாய்க்குக் கீழே டைல்ஸில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. கடையில் சொன்னார்கள் என்று ஆசிட் வாங்கி ஊற்றினேன். பளிச்சென்று போனது. மாதம் ஒரு முறை ஊற்றுவதும் வழக்கமானது. ஒரு நாள் டைல்ஸ் இடுக்கை நகத்தால் சுரண்டினால் கோலமாவு மாதிரி உதிர்கிறது.

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், குளிக்க எங்களுக்குப் போர் தண்ணீர்தான். மழைநீர் மண்ணில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்த தண்ணீராகக் கீழே இறங்குகிறது. போகிற வழியில் கால்சியத்தைக் கரைத்து, பைகார்பனேட்டாகக் கூட்டி வருகிறது. அது டைல்ஸில் சொட்டி உலரும்போது கார்பன் டை ஆக்சைடு பறந்துவிட, கால்சியம் கார்பனேட் ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல்லும் இதேதான்.

சரி, இடுக்கில் இருப்பது என்ன? வெள்ளை சிமெண்ட், அல்லது பாக்கெட்டில் வரும் கிரௌட் என்ற சிமெண்ட் கலவை. சிமெண்ட் இறுக அதன் எடையில் கால் பங்கு தண்ணீர் இருந்தாலே ஏறக்குறையப் போதும். கை ஓட வேண்டுமே என்று கொத்தனார் கூடுதலாக ஊற்றுவார். அந்த மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன தடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்றுவிடும். இறுகிய சிமெண்டுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது நீற்றிய சுண்ணாம்பும், கணிசமாக இருக்கிறது.

கறையும் சுண்ணாம்பு வகை, இடுக்கும் சுண்ணாம்பு வகை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இரண்டையும் ஒரே மாதிரிதான் தின்னும். தின்றதைத் தண்ணீரில் கரையும் கால்சியம் குளோரைடாக்கிக் கழுவிவிடும். துளைகள் பெரிதாகும், தண்ணீர் பின்னால் இறங்கும், அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். நாளடைவில் டைல்ஸின் பிடி விடும். நாணயத்தால் தட்டினால் பிடி விட்ட இடம் ‘டொக்’கென்று வெற்றொலி கொடுக்கும். அங்கே இடுக்கை மட்டும் அடைத்துப் பயனில்லை, டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஒட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் நல்லவேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை. பழைய ஹேக்ஸா பிளேடால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்தோம். இந்த வேலையில் சோம்பல்பட்டு மேலே பூசினால், அடுத்த மாதமே செதிலாகப் பெயர்ந்துவிடும். தூசியைத் தட்டி, இடுக்கை ஈரப்படுத்தி, கிரௌட்டைக் கெட்டியாகக் குழைத்து ரப்பர் பலகையால் குறுக்குவாட்டில் அழுத்தினோம். கால் மணி நேரம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்தோம். சொட்டச் சொட்டத் துடைத்தால் மறுபடியும் அதே துளைகள்தான். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோன் பசை போட்டோம். சுவரும் தரையும் வெவ்வேறு அளவில் நெளியும், அங்கே சிமெண்ட் போட்டால் விரிசல் விட்டுவிடும்.

எபாக்சி என்ற பிசினால் ஆன கிரௌட்டில் சிமெண்டே கிடையாது, அதனால் மிக உறுதி. ஆனால் விலை கூடுதல், சீக்கிரம் இறுகிவிடும், கை தேர்ந்தவர்தான் போட வேண்டும்.

இப்போது கறைக்கு வினிகர்தான். அதுவும் ஆசிட்தான் என்பதால், இடுக்குகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, துளைகள் நிரம்பிய பிறகே தடவுகிறேன். சில நிமிடங்களில் தேய்த்துக் கழுவிவிடுவேன். எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குளித்ததும் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், உலர்ந்து படிய அங்கே தண்ணீரே பெரிதாக மிஞ்சுவதில்லை. போன மாதம் வினிகர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.