95 சதவீதம் என்ற கணக்கும் விடுபட்ட ஒரு தெருவும்

தட்டம்மை வந்த குழந்தை ஓர் அறையில் இருமிவிட்டு வெளியே போகிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்குள் வேறொரு குழந்தை வருகிறது. இருவரும் முகம் பார்க்கவே இல்லை, ஆனாலும் தொற்றலாம். இந்த வைரஸ் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும்.

சரி, நோய் வந்த குழந்தையைத் தனியாக வைத்தால் போதாதா? போதாது. உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே நோய் பரவ ஆரம்பித்துவிடும். அப்போது இருப்பது காய்ச்சலும் சளியும்தான். யாரும் சந்தேகப்படுவதில்லை.

எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஊரில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தட்டம்மை பரவும். 15 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒருவருக்கு மட்டுமே போய்ச் சேரும், அதற்கு மேல் பெருகாது. 15க்கு 14 என்பது சுமார் 93 சதவீதம். 95 சதவீதக் குழந்தைகளுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்ற இலக்கு இப்படித்தான் வந்தது.

தட்டம்மைக்கு இரண்டாவது ஊசி எதற்கு என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். 9 மாதத்தில் போடும்போது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருந்தால், அது தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் முதல் ஊசி பலன் தருகிறது. மீதி 15 பேர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களுக்காகத்தான் எல்லோருக்கும் இரண்டாவது ஊசி. அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், சராசரி. 10 தெருக்கள், தெருவுக்கு 100 குழந்தைகள். 9 தெருக்களில் எல்லோரும் ஊசி போட்டாயிற்று, ஒரு தெருவில் 50 பேர்தான் போட்டிருக்கிறார்கள். மொத்தத்தில் 95 சதவீதம்! தாளில் அருமையாக இருக்கும். ஆனால் வைரஸுக்கு அந்த ஒரு தெரு போதும். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத குழந்தையும் அங்கே இருக்கலாம். அவர்களுக்குக் காவல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான்.

அதனால்தான், எத்தனை கருவிகள் வந்தாலும், சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் புதிதாகக் குடிவந்தார்கள் என்பதெல்லாம் அதில் பெயர் பெயராக இருக்கும். வந்தும் ஊசி போடாமல் போகிற பெயர்களும் உண்டு, அதற்குக் காரணம் தடுப்பூசிக் குப்பி. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து பொடியாக இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். வீணாகுமே என்று வந்த ஒரே குழந்தையைத் திருப்பி அனுப்புவது பெரும் தவறு. அந்தத் தாய் மறுபடி வராமலே போகலாம். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம்.

எங்காவது தட்டம்மை தெரிந்தால் அந்தப் பதிவேடுதான் முதலில் கைக்கு வரும். நோயாளியின் அருகில் இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பலரைக் காப்பாற்றலாம், ஏனென்றால் ஊசி தரும் எதிர்ப்பு நோயை முந்திக்கொள்ளும். அந்த மூன்று நாளில் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பது ஏற்கெனவே எழுதி இருக்க வேண்டும்.