வலி போனது, கவுட் போகவில்லை

சென்ற வாரம் 48 வயது லாரி ஓட்டுநர் ஒருவர், வலது குதிகாலை மட்டும் ஊன்றி என் அறைக்குள் வந்தார். கால் பெருவிரல் மூட்டின் மேல் தோல் பிளந்து, குழைத்த சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பசை கசிந்துகொண்டிருந்தது. காது மடலிலும் அரிசி அளவில் இரண்டு கட்டிகள். தமக்குக் கவுட் (யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகப் படிந்து வீங்கும் நோய்) இருப்பது எட்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரியும். வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வார், வலி அடங்கியதும் விட்டுவிடுவார். இப்போது அவருடைய கிரியேட்டினின் 2.1, அதாவது சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கவுட் வலி, மருந்தே எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாக அடங்கிவிடும். அதனாலேயே நோய் குணமாகிவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அடங்குவது வீக்கம் மட்டும்தான். மூட்டுக்குள் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் அங்கேயே இருக்கின்றன, இரத்தத்தில் அளவு குறையாதவரை அவை வளர்ந்துகொண்டும் இருக்கின்றன. வலி மாத்திரை அந்த அளவைக் குறைப்பதில்லை. குறைப்பவை அல்லோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மருந்துகள். அவற்றை வலி இல்லாத நாட்களிலும் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

"அந்த மாத்திரை போட்ட பிறகுதான் டாக்டர் வலியே கூடிப்போச்சு" என்று சொல்லி நிறுத்தியவர்களிடம் ஒவ்வொரு முறையும் நான் மன்றாட வேண்டியிருக்கிறது. பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது மூட்டு மீண்டும் வீங்குவது எதிர்பார்த்ததே; மருந்து வேலை செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அதைத் தடுக்கவே அல்லோபியூரினாலை 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் வீக்கத்தைத் தடுக்கும் கோல்ச்சிசின் மருந்தையும் குறைந்த அளவில் தருகிறோம். இரத்தத்தில் யூரிக் அமிலம் (டெசிலிட்டருக்கு மி.கி. கணக்கில்) 6-க்குக் கீழும், இந்த ஓட்டுநரைப் போல் படிகக் கட்டிகள் இருப்பவர்களுக்கு 5-க்குக் கீழும் வர வேண்டும். இடையில் வலி வந்தால் வலிக்கு மருந்து கேளுங்கள், அல்லோபியூரினாலை நிறுத்தாதீர்கள்.

பருப்பையும் கீரையையும் விட்டு இளைத்துப்போய் வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவற்றால் கவுட் கூடுவதில்லை என்று பல்லாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பீர், ஈரல், மத்தி, நெத்திலி, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றைக் குறையுங்கள். ஆனால் எத்தனை பத்தியம் இருந்தாலும் யூரிக் அமிலம் பொதுவாக ஏறக்குறைய 1 மி.கி. மட்டுமே குறையும், 9-இல் இருப்பவரை அது 6-க்குக் கொண்டுவராது.

மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இயல்பாகவே காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு 7.5 என்ற எண்ணை மட்டும் வைத்து மாத்திரை எழுதாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு, யூரிக் அமிலத்தைக் கூட்டும் தயசைடு மாத்திரை எடுக்கிறாரா என்றும் கேளுங்கள்.

சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அன்றைக்கே காட்டுங்கள், அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அசாதியோபிரின் (நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து) எடுப்பவர்கள் அல்லோபியூரினால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அல்லோபியூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் மட்டும், என்னைக் கேட்கக் காத்திராமல் அதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.