கொப்புளம் வந்தும் சுடாத கால்

மாசி மகம் முடிந்த வாரத்தில் கடலூரில் எங்கள் கால் பராமரிப்புப் பிரிவில் கூட்டம் கூடிவிடும். தேவனாம்பட்டினத்தின் சுடுமணலிலும், வெயிலேறிய கோயில் கருங்கல் தரையிலும் வெறுங்காலோடு நடந்துவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருவார்கள். பெரும்பாலும் பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்கள். "சுடவே இல்ல சார்" என்பார்கள். எங்களுக்குக் கவலையே அந்தப் பதில்தான்.

நெடுநாள் சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுத்துவிட்டால் சூடு, முள், செருப்புக் கடி எதுவும் உறைக்காது. அதனால் முதலில் பார்ப்பது உணர்ச்சியைத்தான். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவோம். தொட்டது தெரியவில்லை என்றால் அது ஆபத்தான கால். அப்புறம் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவோம். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை.

அதிகம் பார்ப்பது காய்ப்பும் கால் ஆணியும். வீட்டிலேயே பிளேடால் சீவுகிறார்கள், இல்லையென்றால் ஆணி பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். மரத்த காலுக்கு அது தெரியாது. நாங்கள் காய்ப்பைச் சீவும்போது அடியில் கறுத்த ரத்தக் கசிவு தெரிந்தால், உள்ளே புண் இருக்கலாம், அல்லது உருவாகிக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம்.

உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம், அதன் மேல் எடை விழாமல் பார்ப்பது. பாதத்தோடு ஒட்டிய சிறப்பு மாவுக்கட்டு அதற்குத்தான். சொல்வது எளிது. துறைமுகத்தில் கூடை தூக்கும் அம்மாவிடம் ஆறு வாரம் காலை ஊன்றாதே என்றால், "அப்ப சோத்துக்கு?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முடிந்தவரை நடையைக் குறைக்கச் சொல்லி, கழற்ற முடியாத கட்டாகப் போட்டு அனுப்புகிறோம்.

இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். மரத்த காலில் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. உருவாதீர்கள், நடக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

செருப்பு வாங்குவதென்றால் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வாங்குங்கள். பின்பட்டி அவசியம். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு நல்லது. போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்; கல் கிடக்கும், ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். குளித்ததும் விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைக் குதிகாலுக்கு மட்டும் தடவுங்கள். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும் விரலிடுக்கை இப்படித்தான் காய வைக்க வேண்டும்.

எங்களிடம் வரும்போது புதுச் செருப்பு வேண்டாம். தினமும் போடுகிற பழசையே போட்டு வாருங்கள். அடிப்பாகம் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே எடை எங்கே விழுகிறது என்று பாதி தெரிந்துவிடும்.