அல்பட்ரோஸ்: தமிழில் ‘மூவடி மிச்சம்’

கோல்ஃப் மைதானத்தில் ஒவ்வொரு குழிக்குள்ளும் பந்தைச் சேர்க்க, மட்டையால் இத்தனை அடி அடிக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. அதுதான் பார். அதைவிட மூன்று அடி குறைவாக முடித்தால் அல்பட்ரோஸ். பார் ஐந்தை இரண்டு அடியிலோ, பார் நான்கை ஒரே அடியிலோ முடிக்க வேண்டும். பார் மூன்றில் இதற்கு இடமே இல்லை.

பெயர் வந்த வழி அமெரிக்காவில் தொடங்குகிறது. அருமையான எதையும் ‘பறவை’ என்பது அன்றைய அமெரிக்கப் பேச்சு வழக்கு. அதிலிருந்து ஓரடி குறைந்தால் பேர்டி என்றானது. ஈரடி குறைந்தால் இன்னும் பெரிய பறவை, ஈகிள். மூன்றடிக்குத் தென்சமுத்திரத்தின் நீள்சிறகுப் பறவையான அல்பட்ரோஸைப் பிடித்தார்கள். அமெரிக்கர் மட்டும் இதை ‘இரட்டை ஈகிள்’ என்கிறார்கள். கணக்குப்படி அது தவறு. இரண்டின் இரட்டிப்பு நான்கல்லவா?

இந்தச் சாதனையை உலகறியச் செய்தது 1935 ஏப்ரல் 7. அமெரிக்காவின் ஒகஸ்டாவில், இன்று மாஸ்டர்ஸ் எனப்படும் போட்டியின் கடைசிச் சுற்று. கிரெய்க் வூட் ஆடி முடித்துவிட்டார்; ஜீன் சரசன் மூன்றடி பின்தங்கியிருந்தார். பார் ஐந்தான 15ஆம் குழியில், குளத்துக்கு அப்பால் சுமார் 235 யார் தூரத்தில் குழி இருக்கும் புற்றரை. தன் இரண்டாம் அடியை நான்காம் இலக்க மர மட்டையால் அடித்தார். பந்து குளத்தைத் தாண்டி விழுந்து, உருண்டு, குழிக்குள் போனது. மூன்றடி இடைவெளி ஒரே அடியில் தீர்ந்தது! இருவரும் மொத்தம் 282 அடியில் சமன். மறுநாள் 36 குழி மேலதிக ஆட்டத்தில் சரசன் ஐந்தடி வித்தியாசத்தில் வென்றார். 2012இல் அதே மைதானத்தின் 2ஆம் குழியில் லூயி ஊஸ்ட்ஹைசனும் அல்பட்ரோஸ் அடித்தார். ஆனால் மேலதிக ஆட்டத்தில் பபா வாட்சனிடம் தோற்றார்.

குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர்தான். இருநூறு யாருக்கு அப்பாலிருந்து தூரமும் திசையும் ஒருங்கே பிசகாமல் அமைய வேண்டும். அதனாலேயே இது இவ்வளவு அரிது.

தமிழில் ‘கடற்பறவை’ என்று பெயர்த்தால் எண்ணிக்கை தொலைந்துவிடும். ‘முக்குறை’ சுருக்கமானது, ஆனால் குறைபாடு என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. ‘மூவடி மிச்சம்’ என்பதே பொருத்தம். பேர்டி ஓரடி மிச்சம், ஈகிள் ஈரடி மிச்சம். திருகோணமலையில், சீனக்குடா விமானப்படை மைதானத்துப் போட்டிகளைப் பற்றி எழுதுவோர் முதல்முறை ‘மூவடி மிச்சம் (அல்பட்ரோஸ்)’ என்றும், அடுத்து மூவடி மிச்சம் என்றும் எழுதலாம். ஒரே அடியில் குழி சேர்வதை எல்லாம் இப்படி எழுதிவிடக் கூடாது: பார் மூன்றில் அது ஈரடி மிச்சம்தான்.