முட்டி வலிக்கு மருந்தில்லா ஊசி: எதுவரை உதவும்?

முட்டி வலி என்று வருகிறவர்களில் சிலர் நாற்காலியில் உட்காரும்போதே "எனக்கு ட்ரை நீட்லிங் பண்ணிவிடுங்க" என்று கேட்டுவிடுகிறார்கள். மருந்தில்லாத வெறும் ஊசியைத் தசைக்குள் குத்துவதுதான் அது. ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பார்கள், இல்லை ஜிம்மில் யாராவது சொல்லியிருப்பார்கள். பண்ணலாம், தப்பில்லை. ஆனால் முட்டி வலிக்கு ஒரு காரணமாகக்கூடிய பின்தொடை நிஜமாகவே இறுகியிருக்கிறதா, அந்த இறுக்கம் தசையுடையதுதானா என்று முதலில் தெரிய வேண்டும்.

தொடையின் பின்பக்கம் உள்ள மூன்று தசைகளைச் சேர்த்து ஹேம்ஸ்ட்ரிங் என்கிறோம். உட்காரும்போது இருக்கையில் அழுந்துகிற இடுப்பெலும்பில் தொடங்கி, முட்டியைத் தாண்டிப்போய்க் கீழ்க்கால் எலும்புகளில் ஒட்டிக்கொள்கின்றன. இவை இறுகியிருந்தால், காலை நீட்ட முன்தொடைத் தசை கூடுதல் பலம் போட வேண்டும். அந்த அழுத்தம் முட்டிச் சில்லின் மேல் விழும். படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் சில்லைச் சுற்றி வலிக்கிறவர்களிடம் இந்த இறுக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். அதற்காக எல்லா முட்டி வலிக்கும் பின்தொடையைக் குற்றம் சொல்ல முடியாது.

சோதனை எளிது. மல்லாந்து படுக்கவைத்து, தொடை செங்குத்தாக நிற்கும்படி இடுப்பை 90 டிகிரி மடக்கி, முழங்காலை அவரையே நீட்டச் சொல்வேன். முழுசாக நீள 20 டிகிரிக்கு மேல் பாக்கி இருந்தால் இறுக்கம் என்று கணக்கு. அப்படியே பாதத்தை முகத்தை நோக்கி மடக்கச் சொல்வேன். சுரீரென்று கால் நெடுக ஓடினாலோ, மரத்துப்போனாலோ, எனக்குச் சந்தேகம் நரம்பின் மேல் திரும்பிவிடும். சயாட்டிக் நரம்பு இந்தத் தசைகளுக்கு அடியில்தான் போகிறது. எரிச்சலில் இருக்கும் நரம்பைப் பிடித்து இழுத்து ஸ்ட்ரெச் செய்தால் வலி கூடத்தான் செய்யும்.

சரி, ஊசிக்கு வருவோம். ட்ரை நீட்லிங் ஊசியில் மருந்தும் கிடையாது, மருந்து போக ஓட்டையும் கிடையாது. பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர் தடிமன். தசைக்குள் விரலுக்குத் தட்டுப்படும் வலிமுடிச்சைத் தேடிப்பிடித்துக் குத்துகிறோம். சரியான இடத்தில் பட்டால் தசை ஒருமுறை வெடுக்கென்று துள்ளும், படுத்திருப்பவர் திடுக்கிட்டுப்போவார். செக் மருத்துவர் கரேல் லெவிட் 1979-லேயே, தசைவலிக்கு ஊசி போடும்போது மருந்து இல்லாமல் குத்துவதாலேயே வலி குறைகிறது என்று எழுதினார்.

ஆனால் வலி குறைவது வேறு, தசை நெகிழ்வது வேறு. முட்டி வலியுள்ள இளவயதினரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. ஒரு பிரிவுக்கு நிஜ ஊசி, இன்னொரு பிரிவுக்குக் குத்துவதுபோல் பாவனை. இரண்டு பிரிவுக்கும் ஸ்ட்ரெச்சிங். நிஜ ஊசி போட்டவர்களுக்குப் பின்தொடை நெகிழ்வில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. என் வழக்கமும் அதற்கேற்றதுதான்: தொட்டாலே வலிக்கிற முடிச்சு இருந்து, அதனால் காலை நீட்டவே முடியாதவருக்கு ஊசி போடுவேன். வலி தணிந்த அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சிங்கைத் தொடங்கிவிடுவேன். வெறும் இறுக்கம் மட்டும் என்றால் ஊசியே எடுப்பதில்லை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது, என்ன செய்ய.

ஸ்ட்ரெச்சிங் என்றதும் எல்லோரும் நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடப்போகிறார்கள். விரல் தரையைத் தொட்டாலும் வளைவது பாதி முதுகுதான். கதவு நிலையை ஒட்டி மல்லாந்து படுத்து, ஒரு காலை நிலைமேல் சாய்த்து, மற்ற காலை வாசல் வழியே நீட்டிவிடுங்கள். இடுப்பு தரையிலேயே இருக்க வேண்டும். குதிகாலை மெதுவாக மேலே நகர்த்தி, தொடையின் நடுப்பகுதியில் இதமான இழுப்பு தெரியும் இடத்தில் 30 விநாடி நிறுத்துங்கள். முட்டிக்குப் பின்குழியில் மட்டும் இழுத்தால் முழங்காலைச் சற்றுத் தளர்த்துங்கள். 30 விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் பிடித்தாலும் பலன் கூடுவதில்லை என்பது 1990-களிலேயே பார்த்தாகிவிட்டது. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம். வாரத்துக்கு 5 நாள், 6 வாரமாவது தொடர வேண்டும். முதல் சில வாரங்களில் கால் மேலே போவது தசை நீண்டுவிட்டதால் அல்ல, உடம்பு அந்த இழுப்பைப் பொறுக்கப் பழகியதால். அந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் பழைய நிலைமைதான். இறுக்கம் குறையக் குறைய வலுப்படுத்தும் பயிற்சியும் சேர வேண்டும். தசையை நீளவிட்டபடியே பாரத்தைத் தாங்கும் பயிற்சிகள் நெகிழ்வையும் கூட்டுகின்றன.

ஊசி போட்டால் ஓரிரு நாள் கன்றிப்போன மாதிரி வலிக்கும், லேசாக ரத்தம் கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் தோல் தொற்று இருந்தால் ஊசி கூடாது. முட்டியின் பின்குழியில் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் இருப்பதால் நாங்கள் அங்கே கைவைப்பதில்லை; யாராவது அங்கே குத்த வந்தால் எழுந்துவிடுங்கள். முட்டி வீங்கிச் சுடுவது, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்வது, அடிபட்டபின் காலை ஊன்ற முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் ஊசியும் ஸ்ட்ரெச்சிங்கும் அப்புறம். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.