பி.எம்.ஐ. நார்மல், தொப்பையோ 96 செ.மீ.

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 22.5 என்றும் அதற்கு நேரே 'நார்மல்' என்றும் அச்சிட்டிருப்பதைக் காட்டி, "எனக்கு எப்படி டாக்டர் சர்க்கரை வரும்?" என்று வாதிடுபவர்கள் வராத வாரமே இல்லை. கடைசியாக வந்தவர் நாற்பதைத் தாண்டிய அலுவலக ஊழியர். உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ, கை கால்கள் மெலிந்தவை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4 சதவீதம், அதாவது சர்க்கரை நோய்; ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. தம் பேண்ட் அளவு 34 அங்குலம்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் 34 அங்குலம்தான் வரும். டேப்பை உரிய இடத்தில் வைத்து அளந்தபோது 96 செ.மீ. இருந்தது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு, பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்னும் கணித அறிஞர் 1832-இல் மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்தபோது கண்டது. 1972-இல் ஆன்சல் கீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதற்கு பி.எம்.ஐ. என்ற இன்றைய பெயரைச் சூட்டினார். ஊருக்கே போடும் கணக்கை ஒருவருடைய உடலுக்குத் தீர்ப்பாக வாசிப்பதில்தான் தவறு நேர்கிறது.

'ஒல்லியாக இருப்பவனுக்குக் கொழுப்பு இருக்காது' என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3; ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே எடையில் நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. இதனால்தான் இந்திய மருத்துவ வழிகாட்டுதலில் 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பல ஆய்வகங்கள் இன்றும் 24.9 வரை 'நார்மல்' என்றே அச்சிடுகின்றன. போதாக்குறைக்கு, உயரத்தை அளக்காமல் வாயால் கேட்டு எழுதும் வழக்கமும் உண்டு. மேற்சொன்னவரின் உண்மையான உயரம் 165 செ.மீ.யாக இருந்திருந்தால், அதே 65 கிலோவுக்கு எண் 23.9 ஆகியிருக்கும்.

இதன் மறுபுறமும் உண்டு. மூட்டை தூக்கும் தொழிலாளிக்குத் தசையின் எடையால் பி.எம்.ஐ. 27 வரலாம், வயிறு தட்டையாகவே இருக்கலாம். வயதானவர்களுக்குத் தசை கரைந்து கொழுப்பு ஏறினாலும் எடை மாறாததால் எண்ணும் மாறுவதில்லை.

இதைச் சொன்னதும் சிலர் நேரே கடைக்குப் போய், கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை இயந்திரத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. கால் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலின் நீரை வைத்து மதிப்பிடுகிறது. குடித்த தண்ணீர், சிந்திய வியர்வை, சாப்பிட்ட நேரம் எல்லாம் அந்த எண்ணை மாற்றும். காலையில் 27 சதவீதம், மாலையில் 25 சதவீதம் என்று குறித்துக்கொண்டு வந்து என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள். வாங்கிவிட்டீர்களானால், தினமும் ஏறாமல், ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் அளந்து, சில மாதப் போக்கை மட்டும் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதில் ஏறவே கூடாது. துல்லியம் வேண்டுமென்றால், கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் டெக்சா ஸ்கேன் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை.

தேவைப்படுவது தையல்காரரின் டேப் ஒன்றுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், ஆடைக்கு மேல் அல்லாமல் தோலின் மீது, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். புடவை கட்டும் இடம் கணக்கில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பதும் கணக்கில்லை. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பொதுவாக, இந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

அளவு கூடியிருந்தால், பி.எம்.ஐ. எதுவாக இருந்தாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து பட்டினி கிடந்து எடையைக் குறைக்காதீர்கள். அதில் கொழுப்போடு தசையும் கரைகிறது. சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீனைக் கூட்டி, நடைப்பயிற்சியோடு வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சியையும் செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் டேப்பை வைத்துப் பாருங்கள்.